ஃபைன்ஸ் போனால் பெட் போச்சு

கேழ்வரகுக் கூழ் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் கிளம்பும் குமிழி போகிற வழியில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு பெருத்து, மேலே வந்து ‘தொபக்’கென்று வெடிக்கும். ஃப்ளூயிடைஸ்டு பெட், அதாவது அடியிலிருந்து ஊதும் காற்றில் திரவம்போல மிதக்கும் பொடிப் படுகை என்றதும் பாடப்புத்தகம் காட்டுவது இந்தப் படத்தைத்தான். பெட்ரோலிய ஆலையில் கனமான எண்ணெயை உடைக்கும் எஃப்சிசி யூனிட்டில், கேட்டலிஸ்ட் (வினையூக்கிப் பொடி) மேல் படிந்த கரியைக் காற்றால் எரிக்கும் ரீஜெனரேட்டரோ பெரும்பாலும் இப்படி ஓடுவதில்லை. அங்கே நடப்பது கொந்தளிப்பு, அதாவது டர்புலென்ட் பெட்.

எஃப்சிசி கேட்டலிஸ்ட் சராசரியாக 70 மைக்ரான் உருண்டைகள். பொடிகள் மிதக்கும் விதத்தை வைத்து கெல்டார்ட் என்ற ஆய்வாளர் 1973-இல் போட்ட வகைப்பாட்டில் ‘ஏ’ பிரிவு. இந்தப் பொடியை மிதக்க வைக்க நொடிக்கு அரை சென்டிமீட்டர் காற்றுகூட வேண்டாம். ரீஜெனரேட்டரில் போவது நொடிக்கு 0.6 முதல் 1.2 மீட்டர், நூறு மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் குமிழிகள் சேர்வதைவிடச் சிதைவது அதிகம். உருண்டையாக இல்லாமல் கந்தலாகக் கிழிந்து, கண நேரத்தில் மறைந்து, வேறிடத்தில் முளைக்கும். பெரிய குமிழிக்குள் உட்கார்ந்தபடியே கேட்டலிஸ்ட்டைத் தொடாமல் மேலே போய்விடும் வாயு குறைந்துவிடுவதால் ரியாக்‌ஷனுக்கு இது நல்லது. அதே சமயம் பெட்டின் மேற்பரப்பு என்று ஒரு தெளிவான கோடு இருக்காது. லெவல் எவ்வளவு என்ற கேள்விக்கே சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கொந்தளிப்பு எந்த வேகத்தில் தொடங்குகிறது? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வேகத்தை ஏற்ற ஏற்ற அழுத்த ஏற்ற இறக்கம் கூடிக்கொண்டே போய், ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த உச்சத்தின் வேகத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்வது யெருஷால்மியும் கன்குர்ட்டும் 1979-இல் காட்டிய வழி. ஆனால் அழுத்தத்தை எப்படி அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து அந்த உச்சமே இடம் மாறும். பீயும் கிரேஸும் 1995-இல் இரண்டு அளவு முறைக்கும் தனித்தனிச் சூத்திரம் கொடுத்தார்கள். 70 மைக்ரான், அடர்த்தி 1500 கிலோ/கன மீட்டர், அறை வெப்பநிலைக் காற்று என்று போட்டுப் பாருங்கள். ஆர்க்கிமிடிஸ் எண் (துகளின் எடையை வாயுவின் பிசுக்கத்தோடு ஒப்பிடும் எண்) சுமார் 19 வரும். சுவரில் ஒரே டேப் (அழுத்தம் அளக்கும் துளை) வைத்து அளந்த சூத்திரம் 0.47 மீட்டர்/நொடி என்கிறது. இரண்டு டேப்புக்கு நடுவிலான வித்தியாசத்தை அளந்த சூத்திரம் 1 மீட்டர்/நொடி என்கிறது. பொடியும் அதே, காற்றும் அதே. ஒற்றை டேப் பெட் முழுவதிலும் எழும் அலைகளையும் சேர்த்துக் கேட்கிறது. இரட்டை டேப் தன் எதிரே கடந்து போவதை மட்டும் கேட்கிறது. ஆகவே 0.7-இல் ஓடும் பெட் குமிழியா கொந்தளிப்பா என்று சண்டை போடுவது வீண். அது ஒரு கோடு அல்ல, அகலமான பட்டை. கணக்கைத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரை எழுதிக் காட்டுபவரிடம், எந்த முறையில் அளந்த சூத்திரம் என்று முதலில் கேளுங்கள்.

அந்தப் பட்டையைக் கீழே இழுத்து வைப்பது ஃபைன்ஸ், அதாவது 45 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள். அது இருந்தால் குமிழி சிறுக்கும், பெட் தண்ணீர்போல ஓடும், ஸ்டாண்ட்பைப் என்ற இறங்கு குழாயில் கேட்டலிஸ்ட் திக்காமல் இறங்கும். வெளியேறும் வாயுவைச் சுழற்றிப் பொடியைப் பிரித்தெடுக்கும் சைக்ளோன் முதலில் கோட்டைவிடுவதும் இந்தத் தூளைத்தான். பெட் மொரமொரவென்று ஆனபிறகு காற்றை ஏற்றிச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். ஏற்றிய காற்று மிச்சத் தூளையும் அள்ளிக்கொண்டு போகும். வாரச் சாம்பிளில் சராசரி அளவை மட்டும் பார்க்காமல் 0–40 மைக்ரான் பங்கையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கேட்டலிஸ்ட் இழப்பு கூடினால் சைக்ளோன் ஓட்டையா, கேட்டலிஸ்ட் நொறுங்குகிறதா? வெளியே பிடிபட்ட தூளை மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். முழு உருண்டைகள், அதுவும் வழக்கத்தைவிடப் பெரியவை என்றால் சைக்ளோனிலோ, அது பிடித்த பொடியைப் பெட்டுக்குத் திருப்பி இறக்கும் டிப்லெக் குழாயிலோ கோளாறு. கண்ணாடிச் சில்லுபோல முனை முனையாக இருந்தால் உள்ளே எங்கோ ஒரு ஜெட் உடைத்துக்கொண்டிருக்கிறது. ஆரிஃபிஸ் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் தகடு) போடாமல் திறந்துவிட்ட ஒரு ஸ்டீம் லைன் போதும், டன் கணக்கில் சில்லாக்க. பெரிய உபகரணங்களைச் சந்தேகிக்கும் முன் இந்தச் சின்ன லைன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

டிப்லெக் கணக்கு எளிது. சைக்ளோனில் அழுத்த இழப்பு 10 கிலோபாஸ்கல், டிப்லெக்கில் அடர்த்தி 450 என்றால், அதை ஈடுகட்ட 2.3 மீட்டர் உயரத்துக்குக் கேட்டலிஸ்ட் நிற்க வேண்டும். பெட்டில் மூழ்கும் டிப்லெக் என்றால் முனைக்கு மேலிருக்கும் பெட்டின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளே காற்று வற்றி கேட்டலிஸ்ட் இறுகினாலும், அடி வால்வு திறந்தபடி சிக்கினாலும் சைக்ளோன் வெறும் குழாய்தான்.

அடர்த்தியை எடுப்பதும் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுத்தான்: டேப்புகளுக்கு நடுவே 1.2 மீட்டர், வித்தியாசம் 5.3 கிலோபாஸ்கல் என்றால் 450 கிலோ/கன மீட்டர். ஒரு சின்னக் குறிப்பு. உயிருள்ள டர்புலென்ட் பெட்டின் சிக்னல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ட்ரெண்டில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடினால் பெட் அமைதியாகிவிட்டது என்று மகிழாதீர்கள். டேப் அடைத்திருக்கிறது, டேப்பில் பொடி ஏறாமல் ஊதும் பர்ஜ் காற்றைப் பாருங்கள்.

கடைசியாக ஏர் கிரிட், அதாவது பெட்டின் அடியில் நாசில்கள் வழியே காற்றைப் பரப்பும் குழாய் அமைப்பு. மேல்நோக்கிய நாசில் என்றால் கிரிட்டின் அழுத்த இழப்பு பெட்டின் இழப்பில் 30 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. கீழ்நோக்கிய நாசிலுக்குக் குறைந்தது 10. ஐந்து மீட்டர் பெட், அடர்த்தி 450 என்றால் பெட்டுக்கு 22 கிலோபாஸ்கல், கிரிட்டுக்கு ஆறு, ஏழு. முழு லோடில் இது சரியாகவே இருக்கும். காற்றை 70 சதவீதத்துக்குக் குறைத்ததும், இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் போவதால் பாதியாகிவிடும்! சில நாசில்களில் காற்று நிற்கும், அவற்றின் வழியே கேட்டலிஸ்ட் கிரிட் கைக்குள் இறங்கி, பக்கத்து நாசில் வழியாகக் காற்றோடு வெளியேறும். வெளியேறும்போது அந்த நாசிலை உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரிகிற முதல் அடையாளம் ஆஃப்டர்பர்ன்: காற்று மிகுந்த பக்கத்தில் ஆக்சிஜனும், குறைந்த பக்கத்தில் கார்பன் மோனாக்சைடும் மிஞ்சி, பெட்டுக்கு மேலே கேட்டலிஸ்ட் அதிகமில்லாத இடத்தில் சந்தித்து எரியும். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. எல்லா சைக்ளோன் வெப்பநிலையும் ஒன்றாக ஏறினால் கார்பன் மோனாக்சைடைப் பெட்டுக்குள்ளேயே எரிக்க உதவும் புரொமோட்டரைப் பாருங்கள். ஒரு பக்கத்து சைக்ளோன்கள் மட்டும் ஏறினால் கேட்டலிஸ்ட் பரவலையும் பாருங்கள், கிரிட்டையும் சந்தேகியுங்கள். அடுத்த ஷட்டவுனில் ஒவ்வொரு நாசிலின் துளையையும் கேஜ் வைத்து அளந்து வரைபடத்தில் குறியுங்கள்.