டெபியன் நிறுவல் பாதியில் நின்றது: காரணம் 63ஆம் செக்டர்

பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். டெபியன் லினக்ஸ் ஏற்றும்போது அடிப்படைத் தொகுப்புகள் விரியும் கட்டத்தில் நிறுவல் உறைந்துவிட்டது. எழுத்துமுறை இன்ஸ்டாலரில் ஆல்ட்+எஃப்4 அழுத்தினால் பதிவுகள் ஓடும். அங்கே ஐ/ஓ எரர் (படிக்க, எழுத முடியாத பிழை) வரி ஒரே செக்டர் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டு) எண்ணோடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் குறிப்பைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கொடுத்தால் நீளமான பட்டியல் வரும். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்தான். 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை. 199 கேபிள் வழியில் சிதைந்த தரவு. 199 ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைப் பழிக்காமல் சாட்டா கேபிளை மாற்றுங்கள். இந்த டிஸ்கில் 197 மட்டும் 8 காட்டியது. செக்டர்கள் 512 பைட்டாக எண்ணப்படுகின்றன; அந்தக் கணக்கில் எட்டு, அதாவது 4096 பைட் கொண்ட ஒரே ஒரு நிஜ செக்டர்.

நிலுவைச் செக்டரின் மேல் முழுதாக எழுதினாலே டிஸ்க் அதைச் சரிசெய்துகொள்ளும். பிறகு ஏன் நின்றது? பழைய பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) அப்படியே வைத்திருந்ததுதான் வினை. அது 63ஆம் செக்டரில் தொடங்கியது. 63 எட்டால் வகுபடாது. ஆகவே ஒவ்வொரு 4 கேபி தொகுதியும் இரண்டு நிஜ செக்டர்களில் கால் வைக்கிறது. பாதி செக்டரை எழுத, டிஸ்க் முதலில் முழுச் செக்டரையும் படித்தாக வேண்டும். படிக்க முடியாத இடம் என்பதால் எழுதுவதும் தோற்கிறது. மறுபடி ஃபார்மட் செய்தும் பயனில்லை. ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கட்டளை நிர்வாகத் தகவலை மட்டுமே எழுதும், தரவுப் பகுதியைத் தொடாது.

கெட்ட இடங்களைத் தேடும் பேட்பிளாக்ஸ் கட்டளையை எழுதும் முறையில், தொகுதி அளவு 4096 என்று வைத்து ஓட்டினால் டிஸ்க் முழுவதும் அழியும், பேக்கப் முக்கியம். நான்கு தரவு வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிப்பதால் 1 டிபிக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். முடிந்தபின் 197 பூஜ்யம். 5ஆம் எண்ணும் பூஜ்யமாகவே இருந்தது. காந்தப் பரப்பு கெடவில்லை. மின்சாரம் போனபோது அரைகுறையாக எழுதப்பட்ட செக்டராக இருக்கலாம். 5 ஏறியிருந்தால் அந்த டிஸ்கில் சிஸ்டத்தை வைக்கமாட்டேன். கெட்ட தொகுதிகளை ஒதுக்கி எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் போடலாம்தான், ஆனால் தேய்ந்துவரும் டிஸ்கில் அது ஒட்டுப்போடும் வேலை. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்கள் இரண்டிலும் அந்த வசதியே கிடையாது.

பிறகு புதிய ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை, தொடக்கம் எட்டால் வகுபடும் 2048ஆம் செக்டர். பூட் ஆகும்போது எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் சாதனப் பெயருக்குப் பதில் யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்). சோதிக்கும் வரிசையைச் சொல்லும் கடைசி நெடுவரிசையில் ரூட் பார்ட்டிஷனுக்கு (சிஸ்டம் இருக்கும் இடம்) 1, மற்ற எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்களுக்கு 2. பிழை வந்தால் படிக்க மட்டும் என்று மாறும் அமைப்பை ரூட்டில் எடுத்துவிடாதீர்கள். எக்ஸ்ட்4 இடத்தில் 5% ரூட் பயனருக்கு (நிர்வாகிக்கு) ஒதுக்கும். தரவுப் பார்ட்டிஷனில் அதை ட்யூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் 1% ஆக்கலாம்.

நிறுவியபின் ஸ்மார்ட் நீண்ட சோதனை ஒன்று; ஒரு வாரம் கழித்து 197ஐ மறுபடி பாருங்கள்.