கண்ணு முதல்ல போகணும், கை அப்புறம்தான்

அம்மா காபி டம்ளர நீட்டும்போது நான் எப்ப கை நீட்டுறேன்னு இந்த வாரம் உத்துப் பாத்தேன். டம்ளர் வர்றதுக்கு முன்னாடியே அவங்க பார்வை அது வந்து நிக்கப்போற இடத்துக்கு வந்துடுது, அதப் பாத்துதான் என் கையும் போகுது, நான் விளிம்ப கெட்டியா பிடிச்சது தெரிஞ்சப்புறம்தான் அவங்க விரல் விடுது, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல.

இதையே 2014ல கனடாவுல, பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டில, பிஆர்2ங்கிற ரோபோவ வச்சு செஞ்சு பாத்தாங்க. அதுக்கு மூக்கும் கிடையாது வாயும் கிடையாது, கேமரா வச்ச தலை மட்டும்தான். தண்ணி பாட்டில குடுக்கும்போது அந்தத் தலை, பாட்டில் கை மாறப்போற இடத்தப் பாத்துச்சுன்னா ஆளுங்க சீக்கிரமாவே கை நீட்டிடுறாங்க. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமா படுது. 2012ல வந்த பாக்ஸ்டர்ங்கிற ஃபேக்டரி ரோபோவும் இதே வழிதான், பக்கத்துல ஆள் நின்னு வேலை பாக்கணும்னே செஞ்சது, கை எந்தப் பக்கம் போகப்போகுதோ ஸ்க்ரீன்ல இருக்குற கண்ணு முதல்ல அங்க திரும்பிடும்.

கண்ணே இல்லன்னாலும் பரவால்ல, கை போற விதமே சொல்லிடும். 2013ல அன்கா டிராகன்ங்கிற ரோபோ ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் எழுதின பேப்பர்ல இத அழகா பிரிச்சுச் சொல்லிருப்பாங்க. மேசைல ரெண்டு பொருள் பக்கத்து பக்கத்துல இருக்கு, ரோபோ கை நேரா போனா எத எடுக்கப்போகுதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது, அதே கை கொஞ்சம் வளைஞ்சு, எடுக்கப்போற பொருள் இருக்குற பக்கமா ஒதுங்கிப் போனா பாதி தூரத்துலயே நமக்குப் புரிஞ்சுடும். தூரம் கொஞ்சம் கூடத்தான், ஆனா பக்கத்துல நிக்கிறவன் பயப்படாம இருக்கான்ல, அதுக்காக அந்த ரெண்டு செகண்ட் தாராளமா குடுக்கலாம்னு நான் சொல்வேன்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, போன மாசம் ஒரு ஹோட்டல்ல சாப்பாடு கொண்டு வர்ற ரோபோவப் பாத்தேன். ஸ்க்ரீன்ல சிரிச்ச மூஞ்சி, நின்னாலும் சிரிப்பு, திரும்பினாலும் அதே சிரிப்பு. கைத்தடியோட ஒரு பெரியவர் எதிர்ல வந்தாரு, அது இடது பக்கம் போகுமா வலது பக்கம் போகுமான்னு தெரியாம அப்படியே நின்னுட்டாரு. அந்த மூஞ்சி திரும்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ அந்தப் பக்கம் பாத்திருந்தா போதும், அவரு பாட்டுக்கு நடந்திருப்பாரு. அதுவோ சிரிச்சுக்கிட்டே நின்னுச்சு, அவரு சுவத்தப் பிடிச்சு ஒதுங்கி, அது தாண்டிப் போற வரைக்கும் தடிய நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டாரு.