சிங்கப்பூர் – நியூயார்க்: தூரக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

சென்ற ஜனவரியில் அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. இரத்த அழுத்தத்துக்காகக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை எடுப்பவர் என்பதால், பயண நேரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வதே முதல் வேலையாயிற்று.

பிராங்க்பர்ட்டில் இறங்கிச் செல்லும் வழி சுமார் 10,300 கிலோமீட்டரும் 6,200 கிலோமீட்டருமாக இரண்டு கட்டங்கள் கொண்டது. காத்திருப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிவிடும். நேரடி விமானத்திலோ எகானமி வகுப்பே கிடையாது. கூடுதல் எரிபொருளோடு, மொத்தம் 161 இருக்கைகளுடன் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நெடுந்தூரப் பயணத்துக்கானது) ரக விமானம் அது. கட்டணம் கையைக் கடித்தாலும், முதியவரை இடையில் ஏற்றி இறக்கும் சிரமத்தை எண்ணி நேரடி விமானத்தையே தேர்ந்தெடுத்தேன்.

இரு நகரங்களின் தீர்க்கரேகைகளும் கிட்டத்தட்ட 178 பாகை விலகியிருப்பதால், அவற்றுக்கிடையிலான மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வரை 49.4 பாகை, மொத்தம் 138 பாகையைப் பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் எங்கள் விமானம் துருவப் பக்கமே போகவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பின்காற்றாகப் பெறுவதற்காக, தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடினாலும் பரவாயில்லையென்று, வட பசிபிக்கின் மேலாகப் பறந்தது. பயணம் பதினெட்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியது. இத்தகைய நெடும்பயணத்துக்குத் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் பார்ப்பதில் பயனில்லை. விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் காற்றின் கணக்கும் அடங்கியிருக்கிறது.

மாத்திரை விஷயம் எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்தது. குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், சிங்கப்பூரின் இரவு எட்டு அங்கே அன்றைய காலை ஏழு. ஆகவே அம்மாவின் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருக்கும்வரை காலையும் மாலையும் ஏழு மணிக்கு மாத்திரை தரலாம் என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டேன். நண்பகலில் புறப்பட்டதால் வானில் ஒரு வேளை மாத்திரைதான் வந்தது, அடுத்ததற்குள் தரையிறங்கிவிட்டோம். பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கடந்ததால், கிளம்பிய அதே தேதியின் மாலையில் இறங்கியதை அம்மா நம்பவே மறுத்தார்!

திரும்பும்போது அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து மறுபடியும் கிழக்கு நோக்கியே பறந்தோம். இரவில் ஏறி, நடுவே ஒரு தேதியை முழுவதுமாக வானிலேயே கழித்து, அதற்கு மறுநாள் விடியற்காலையில் சாங்கியில் இறங்கினோம். அப்போதும் வானில் ஒரே மாத்திரைதான்.