நெற்றியில் சாம்பல், பக்கத்தில் நண்பன்

வட அயர்லாந்தில் ஒரு பிள்ளை ஆங்கில எட்டாம் எழுத்தை ‘ஏச்’ என்கிறதா, ‘ஹேச்’ என்கிறதா என்பதை வைத்தே வீட்டில் என்ன மதம் என்று ஊகித்துவிடுவார்கள். முன்னது பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், பின்னது கத்தோலிக்கம். பெயர், யூனிஃபார்ம், விளையாடுவது ரக்பியா, அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டமான கேலிக் ஃபுட்பாலா என்பதும் அப்படியே காட்டிக்கொடுக்கும். பள்ளிகள் தனி, குடியிருப்புகளும் பல இடங்களில் தனி. பதினெட்டு வயதுவரை மறுபக்கத்துப் பிள்ளை ஒன்றோடுகூடப் பழகாமல் வளர்ந்துவிட முடியும்.

இதை உடைக்கத்தான் 1981-ல் பெல்ஃபாஸ்டில் பெற்றோர்கள் சேர்ந்து 28 மாணவர்களோடு, இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் லாகன் காலேஜ் என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். 1989-ல் வந்த சட்டம் இத்தகைய ஒருங்கிணைந்த பள்ளிகளுக்கு அரசு நிதிக்கு வழி செய்தது. வட அயர்லாந்துக்கு அமைதி தேடிய 1998 புனித வெள்ளி உடன்படிக்கையும் இவற்றை ஊக்குவிக்கச் சொன்னது. இன்றும் பத்தில் ஒரு மாணவருக்குக்கூட இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

புதுப் பள்ளியில் சிறுபான்மைத் தரப்பிலிருந்து 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த அளவுகோல். இதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பில் 30 சதவீதம் என்றால் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குள்ளேயே கூச்சசுபாவி, குறும்புக்காரன், படிப்பாளி என்று ரகம் ரகமாக இருப்பார்கள். இரண்டே பேர் என்றால் அந்த இருவரும் தங்கள் மதத்துக்கே தூதர்களாகிவிடுவார்கள். யாரும் அவர்களைத் தனி மனிதராகப் பார்க்க மாட்டார்கள்.

எண்ணிக்கை சரியானாலும் நட்பு தானாக முளைக்காது. 1954-லேயே உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் நாலு நிபந்தனைகள் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டுழைப்பு, மேலிருப்பவர்களின் ஆதரவு. நட்பாகப் பழக வாய்ப்பும் வேண்டும் என்று 1998-ல் தாமஸ் பெட்டிக்ரூ சேர்த்தார். என் கணிப்பில் அதுதான் தலையாயது, பள்ளிகள் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

வகுப்பில் செய்யக்கூடியது: பாடத்தை ஐந்தாறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் குழுவில் ஒருவரிடம் மட்டும் கொடுப்பது. எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சஸில், இனப் பிரச்சினைக்காக உருவாக்கிய முறை இது. அடுத்தவர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் தேர்வு எழுத முடியாது. குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் பழைய கூட்டாளிகளே மறுபடி ஒட்டிக்கொள்வார்கள். ஒரே நாள் செய்துவிட்டு நிறுத்தினாலும் பயனில்லை.

இன்னொரு ஓட்டை, நாசூக்கான மௌனம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று கத்தோலிக்கப் பிள்ளை நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வருகிறது. பக்கத்து பெஞ்சுப் பையன் “மூஞ்சில அழுக்கு” என்று காட்டுகிறான். ஆசிரியர் பதறிப்போய் “சரி, கணக்கு நோட்டை எடுங்க” என்கிறார். அவ்வளவுதான், இது பேசக்கூடாத விஷயம் என்று இருபது பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அது என்ன என்று அந்தப் பிள்ளையையே, அதற்கு விருப்பம் இருந்தால், சொல்லச் சொல்லலாம். இரண்டு நிமிடம் போதும். நவம்பரில், போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் நினைவாகச் சிலர் பாப்பிப் பூ குத்திவருவதும், சிலர் குத்தாததும் இதே கதைதான். முதல் நற்கருணை என்ற சடங்குக்குத் தயாராகும் கத்தோலிக்கப் பிள்ளைகளைத் தனியே கூட்டிப்போகும்போது மற்றவர்களுக்குக் காரணம் சொல்லாமல் விட்டால் ‘அவங்க கிளாஸ்’ என்ற பேச்சு ஒரே வாரத்தில் கிளம்பிவிடும்.

மாலையில் பஸ் ஏறியதும் அவரவர் பேட்டைக்குப் போய்விடுகிறார்கள். பயிற்சி முடிந்து வீடு திரும்ப, தாமதமாகக் கிளம்பும் பஸ் ஒன்று இல்லையென்றால் கலந்த விளையாட்டுக் குழுவே தேறாது. அதனால், “மறுபக்கத்தில் உனக்கு நண்பர் உண்டா?” என்று கேட்டு நட்பை அளக்கக் கூடாது, எல்லாரும் உண்டு என்பார்கள். சனிக்கிழமை யார் வீட்டுக்குப் போனாய், அங்கே சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும்.