தொலைபேசி நிலையமாகும் கணினி: ஒரு ட்ரீம்காஸ்ட் நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

அண்ணன் மென்பொருள் வேலைக்காக நியூ ஜெர்சிக்குப் போன புதிதில் வாங்கி, 2003-ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது எனக்குத் தந்துவிட்டுப் போன விளையாட்டுக் கருவி, சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட், இன்று பரணிலிருந்து இறங்கியது. சென்ற மாதம் அவர் அங்கே அதே கருவியைப் பழைய பொருளாக மறுபடியும் வாங்கி இணையத்தில் இணைத்துவிட்டார். "தம்பி, உன்னிடம் இருப்பதையும் இணைத்துவிடு, பேண்டசி ஸ்டார் ஆன்லைனில் ஒன்றாகப் போவோம்" என்று இரண்டு ஞாயிறுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2001-இல் அந்த விளையாட்டைப் பற்றி அவர் எழுதிய மின்னஞ்சல்களைப் படித்து ஏங்கியவன் நான். ஆகவே இதை எப்படியும் முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இது அமெரிக்கக் கருவி. 120 வோல்ட் மின்சாரத்திற்கு உரியது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துபோகும் என்பதால் அந்தக் காலத்திலேயே வாங்கிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரையும் தேடி எடுத்தேன். கருவி உயிர்பெற்றது. உள்ளிருக்கும் சிறு பேட்டரி செத்துவிட்டதால் ஒவ்வொரு முறையும் தேதியைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்

வேலை முடிந்து வந்து, எது தேவை என்று நிதானமாக யோசித்தேன். ட்ரீம்காஸ்ட்டுக்கு நெட்வொர்க் கம்பி செருகும் இணைப்பான் ஒன்றைச் சேகா தனியாக விற்றது. இன்று அது அரிதான பொருள், விலையும் மிக அதிகம். என்னிடம் இருப்பது தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் இணைக்க, கருவியின் பக்கவாட்டில் செருகியே வந்த 56கே (நொடிக்கு 56,000 பிட்) மோடம் மட்டுமே. 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோதே ஒவ்வொரு பெட்டியிலும் அந்த மோடம் இருந்தது. விளையாட்டுக் கருவி என்றால் தொலைபேசிக் கம்பியும் அதனுடன் வர வேண்டும் என்று, சந்தை கேட்பதற்கு முன்பே முடிவெடுத்தவர்கள் அவர்கள். அந்த முடிவின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் அந்த மோடத்துக்கு உலகத்தில் ஒன்றுதான் தெரியும். கம்பியில் மின்னழுத்தம் இருக்க வேண்டும், டயல் டோன் கேட்க வேண்டும், எண்களை ஒலித்தால் மறுமுனையில் இன்னொரு மோடம் எடுத்துப் பேச வேண்டும், பேச்சு ஒத்துப்போன பின் அந்த முனை ஓர் இணைய முகவரியை வழங்க வேண்டும். எங்கள் வீட்டில் தரைவழித் தொலைபேசி போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இருப்பது ஃபைபர் இணைப்பு. ஆகவே தொலைபேசி நிலையமும் அதற்கப்பால் இருந்த இணைய நிறுவனமும் செய்த வேலைகள் அனைத்தையும், கூடத்தில் இருக்கும் பத்தாண்டுப் பழைய லினக்ஸ் கணினி செய்தாக வேண்டும்.

அண்ணன் இதற்காகவே லூக் பென்ஸ்டெட் உருவாக்கிய ட்ரீம்பை என்ற மென்பொருளை ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினியில் ஏற்றி, ஒரே மாலையில் வேலையை முடித்தார். அதன் வழிமுறையைப் படித்துக்கொண்டேன். ஆனால் என் கணினியிலேயே, ஒவ்வொரு படியையும் நானே எழுதிச் செய்து பார்க்க விரும்புகிறேன்.

2024 ஆகஸ்ட் 17, சனி

சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். டயல்-அப் மோடம் என்று கேட்டதும் முதல் நான்கு கடைகளில் என்னை வியப்பாகப் பார்த்தார்கள். ஐந்தாவது கடையில் பெரியவர் ஒருவர் எதுவும் கேட்காமல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து இரண்டு யு.எஸ்.பி. மோடம்களை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று பயனற்றது. தன் வேலையைத் தான் செய்யாமல், கணினியில் ஓடும் மென்பொருளிடம் தள்ளிவிடும் வகை அது. லினக்ஸில் அதற்கு ஓட்டுநிரல் கிடைக்கவில்லை. மற்றொன்று தன்னிறைவான மோடம். செருகியவுடனே கணினி அதை அடையாளம் கண்டது, மோடத்தை அழைக்கும் ஏ.டி. என்ற கட்டளையைத் தட்டச்சு செய்ததும் ஓ.கே. என்று விடை வந்தது. குரல் வசதியும் அதில் இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்பது டயல் டோனுக்கு வரும்போது தெரியும்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

கணினியின் மோடத்தையும் ட்ரீம்காஸ்ட்டின் மோடத்தையும் சாதாரணத் தொலைபேசிக் கம்பியால் நேராக இணைத்துப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தொலைபேசி நிலையம் கம்பிக்குச் சுமார் 48 வோல்ட் நேர்மின்னோட்ட அழுத்தத்தைக் கொடுத்தபடியே இருக்கும். ரிசீவரை எடுத்ததும் மின்னோட்டம் பாயும். அந்த ஓட்டத்தின் மீது ஏறித்தான் ஒலி பயணம் செய்யும். என் கம்பியில் ஓட்டமே இல்லை. மின்னழுத்தம் எதுவும் தராமலேயே சிலர் ட்ரீம்காஸ்ட்டை இணைத்திருக்கிறார்கள். ஆனால் என்னிடம் உள்ள இந்த இணையில் அது நடக்கவில்லை.

கம்பியின் இரண்டு இழைகளில் ஒன்றை வெட்டி, இடையில் 9 வோல்ட் பேட்டரி ஒன்றையும், மின்னோட்டம் அளவு மீறாமல் இருக்க ஒரு ரெசிஸ்டரையும் ஈயப்பற்று வைத்துச் சேர்த்தேன். ஒலி தடையின்றிக் கடக்க, இவற்றுக்கு இணையாக ஒரு கெபாசிட்டர். மிகச் சிறிய சுற்றுதான். ஆனால் மல்டிமீட்டரில் சில மில்லி ஆம்பியர் மட்டுமே காட்டுகிறது.

2024 ஆகஸ்ட் 22, வியாழன்

நான்கு நாளாக விடை தெரியாமல் இருந்தது இன்று பிடிபட்டது. இக்கால மோடம்கள் ஒவ்வொன்றும் தன் முனையிலேயே சில வோல்ட்களை எடுத்துக்கொள்கின்றன. ஒரே சங்கிலியில் இரண்டு மோடம்கள் இருக்கும்போது 9 வோல்ட் அவற்றுக்கே போதவில்லை. இரண்டாவது பேட்டரியை வரிசையில் சேர்த்து 18 வோல்ட் ஆக்கினேன். மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியரை நெருங்கியது. கணினி மோடத்தை ரிசீவர் எடுத்த நிலையில் வைத்து, ட்ரீம்காஸ்ட்டை டயல் செய்யச் சொன்னபோது, இரைச்சலின் நடுவே ஒரு மெல்லிய க்ளிக் சத்தம் கணினியின் ஒலிபெருக்கியில் கேட்டது. இருபது ஆண்டுக்கும் மேலாக அந்த மோடம் எழுப்பிய முதல் சத்தம் அது!

2024 ஆகஸ்ட் 24, சனி

இன்று முழுவதும் டயல் டோன். அமெரிக்க டயல் டோன் 350 ஹெர்ட்சும் 440 ஹெர்ட்சும் கலந்த ஒலி. நம் ஊரில் கேட்டு வளர்ந்ததோ 400 ஹெர்ட்சை 25 ஹெர்ட்சால் அசைத்த கரகரப்பான ஒலி. இது அமெரிக்கக் கருவி என்பதால் அந்த ஊர் ஒலியையே தயாரித்துக் கொடுக்க முடிவு செய்தேன். டோனுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று மோடத்துக்கு ஏ.டி.எக்ஸ்.3 போன்ற கட்டளை தரும் குறுக்குவழி உண்டு. ஆனால் ஒவ்வொரு விளையாட்டுத் தட்டும் அந்த அமைப்பை மதிக்கும் என்று நம்பி இருக்க விரும்பவில்லை. நிலையம் என்றால் டோன் கொடுப்பதுதான் முறை.

கணினி மோடத்தைக் குரல் நிலைக்கு மாற்றி, இரண்டு அலைகளையும் கலந்து நொடிக்கு 8,000 மாதிரிகளாகப் பதிந்த சிறு ஒலிக்கோப்பைக் கம்பியில் இடைவிடாமல் ஓடவிடும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். அதே நிலையில் மோடம் மறுபுறத்தில் கேட்கும் எண் ஒலிகளை அடையாளம் கண்டு, ஒவ்வொரு எண்ணையும் கணினிக்குச் சொல்லும். முதல் எண் வந்ததும் டோனை நிறுத்த வேண்டும். சில நொடி பொறுத்து, குரல் நிலையை விட்டுத் தரவு நிலைக்குத் தாவி, ஏ.டி.ஏ. என்ற கட்டளையால் 'எடுத்துப் பேசு' என்று சொல்ல வேண்டும். மணி அடிப்பது என்ற ஒன்று இங்கே கிடையாது. மணிக்கான உயர் மின்னழுத்தத்தை என் பேட்டரிகளால் தர முடியாது, அது தேவையுமில்லை.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

எந்த எண்ணை டயல் செய்தாலும் என் கணினிதான் எடுக்கும் என்பதால், எண் என்னவாகவும் இருக்கலாம். அண்ணனிடம் கேட்டேன். அப்பா இருந்த வீட்டின் பழைய தொலைபேசி எண்ணைப் போடச் சொன்னார். ட்ரீம்காஸ்ட் அதை டயல் செய்ய, கணினித் திரையில் அந்த எண் ஒவ்வோர் இலக்கமாக வரிசையாக வந்து நின்றது. அதைப் படம்பிடித்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கட்டளையை எழுத மறந்து சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாலைக்குள் இரண்டு மோடம்களும் பேசிக்கொண்டன. இணைப்பு வேகம் நொடிக்கு 31,200 பிட். மோடத்தின் பெயரில் 56கே இருந்தும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்கு: 56கே என்பது மறுமுனையில் இணைய நிறுவனம் தொலைபேசி நிலையத்துடன் டிஜிட்டல் முறையில் இணைந்திருந்தால் மட்டுமே கிடைக்கும் வேகம். இரு முனையிலும் சாதாரண மோடம் இருந்தால் 33,600-க்கு மேல் ஏறாது. நான் பெற்றது அதற்கு ஒரு படி கீழே. குறை சொல்ல எதுவுமில்லை.

2024 ஆகஸ்ட் 31, சனி

மோடம்கள் பேசிய பின் பி.பி.பி. என்ற நெறிமுறையின் வழியாகக் கணினி ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு முகவரி வழங்குகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்க வேண்டியதில்லை என்று அமைப்பில் எழுதினேன். முகவரி கிடைத்தது, ஆனால் உலாவித் தட்டில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இதில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் பின்னிக் கிடந்தன என்பதைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

ஒன்று, ஒரு பக்கம் வரும் தரவை மறுபக்கம் கடத்திவிடும் வேலையை லினக்ஸ் தானாகச் செய்யாது; அதை நாம் இயக்கிவிட வேண்டும். சென்ற வாரமே இயக்கியிருந்தேன். ஆனால் நிரந்தரமாக எழுதி வைக்காததால் கணினியை மறுபடி துவக்கியபோது அது போய்விட்டிருந்தது. கூடவே, ட்ரீம்காஸ்ட்டின் உள்முகவரியைக் கணினியின் முகவரியால் மூடி அனுப்பும் விதியும் வேண்டும். மற்றொன்று, நான் சோதனைக்குத் தேர்ந்தெடுத்த தளங்கள் எல்லாம் இன்றைய மறையாக்கத்தைக் கட்டாயமாகக் கேட்பவை. 2000-ஆம் ஆண்டு உலாவிக்கு அது தெரியாது. மறையாக்கம் இல்லாத எளிய பக்கம் ஒன்றை என் கணினியிலேயே வைத்துப் பார்த்தபோது உடனே திறந்தது. பழைய கருவியைச் சோதிப்பவர்கள் முதலில் இப்படி ஒரு பக்கத்தைத் தயாரித்துக்கொள்வது நல்லது.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

மீதம் இருந்தது பெயர்ப் பட்டியல். விளையாட்டுத் தட்டு, சேகாவின் பழைய சேவையகத்தைப் பெயர் சொல்லித்தான் தேடுகிறது; அந்தச் சேவையகம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆர்வலர்கள் தங்கள் செலவில் நடத்தும் சேவையகத்தின் முகவரியை அந்தப் பழைய பெயருக்கு விடையாகச் சொல்லும்படி, என் கணினியின் பெயர்த்தேடல் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். தட்டில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை; தான் 2001-இல் இருப்பதாகவே அது நம்புகிறது.

இரவு ஏழரை மணி, அண்ணனுக்குக் காலை பத்து. பயனியர் 2 கப்பலின் கூடத்தில் என் பாத்திரம் போய் நின்றபோது, அங்கே அவர் ஏற்கெனவே காத்திருந்தார். இந்த விளையாட்டில் ஆயத்த வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்தால், எதிரில் இருப்பவருக்கு அவருடைய மொழியில் தோன்றும். ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என ஐந்து மொழிகள். அதில் தமிழ் இல்லாததால் ஆங்கில எழுத்துகளிலேயே "வந்துட்டியா" என்று தட்டினார். ரகோல் கோளின் காட்டுக்குள் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம். கணினிக்கும் ட்ரீம்காஸ்ட்டுக்கும் இடையே மட்டும் ஒரு செய்தி போய்வர 130 மில்லிநொடிக்குக் குறையவில்லை, அதற்கு மேல் கடல் கடந்த தொலைவு வேறு. ஆயினும் நடையில் தடுமாற்றம் தெரியவில்லை. வேகமான துப்பாக்கி விளையாட்டுகளில் இது பொறுக்காது. இதில் ஒவ்வொருவரும் தம் கருவியில் தமக்கு நேரே நிற்பதை அடித்துக்கொண்டு போகலாம்.

ஒன்பது மணிக்குச் சற்று முன் இணைப்பு அறுந்தது.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று விநாயகர் சதுர்த்தி, வீடு நிறைய உறவினர்கள். கருவியின் பக்கம் போகவே இல்லை. இன்று பேட்டரிகளை அளந்தேன். ஒவ்வொன்றும் 7 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்று வாரச் சோதனையும் சென்ற ஞாயிறு விளையாட்டும் சேர்த்து 20 மில்லி ஆம்பியரில் அவை கொடுத்த உழைப்பு அதிகமே. புதிய இணையைப் போட்டதும் மீண்டும் 31,200. சுவரில் செருகும் அடாப்டரைப் போடலாமா என்று முயன்றேன். மலிவான அடாப்டரின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கம்பியில் ஏறி, வேகம் 19,200-க்கு இறங்கியது. அதன் வெளிவாயில் பெரிய கெபாசிட்டரும் ஒரு ரெகுலேட்டரும் சேர்த்தால் தணியும் என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவில் வாங்க வேண்டிய பட்டியலில் இரண்டையும் எழுதிவிட்டேன். அதுவரை பேட்டரிதான், இன்று ஏழரைக்கு அண்ணன் காத்திருப்பார்.