வேளாங்கண்ணிக்குப் பொருத்தனையோடு போகிறவர்களே, பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிடாதீர்கள்

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறப்புப் பெருவிழா. இந்த நாட்களில் வேளாங்கண்ணியில் இறங்கியதும் மொட்டை, மெழுகுவர்த்தி, மாதா குளம், கடல் குளியல் என்று மனசு ஓடுகிறது. குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனம் மட்டும் கடைசிக்குப் போய், பல குடும்பங்களில் விட்டே போகிறது. ஆரோக்கிய அன்னையின் வாசல்வரை வந்துவிட்டு, அவள் மகனிடம் மன்னிப்புக் கேட்காமல் பஸ் ஏறுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

7-ஆம் தேதி தேர்ப்பவனிக் கூட்டத்தில் நிதானமாகப் பாவசங்கீர்த்தனம் செய்வது சிரமம். அதற்கு முன்னால் ஒரு வார நாளில், காலைத் திருப்பலிக்கு வெகு முன்பே போய்விடுங்கள். உங்கள் மொழி தெரிந்த குருவானவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். வழியில் ரூம் பிடித்துத் தருகிறோம் என்று பின்னாலேயே வருகிறவர்களும், மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்கிறவர்களும் ஜெபிக்கிற மனசையே கலைத்துவிடுகிறார்கள். நின்று பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

முழங்காலாலேயே நடந்து வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை இருந்தால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மத்தியான மணல் தோலை உரித்துவிடும். முழங்காலில் கனமான துணி சுற்றிக்கொள்ளலாம். ஆனால் முழங்கால் தேய்ந்ததால் சாவான பாவம் (தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவம்) தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கிற ஆத்தும சோதனையை முந்தின இரவே செய்யுங்கள். பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டால் எதுவும் விடுபடாது. சாவான பாவம் என்றால் என்ன பாவம், எத்தனை முறை என்று சொல்ல வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: பாவத்தைச் சொல்ல வந்து மாமியார் கதையையும் பங்காளித் தகராறையும் சொல்லிவிடுகிறார்கள். தன் பாவத்தை மட்டும் சொன்னால் போதும். மறந்துபோனதும் மன்னிக்கப்படும், பிறகு ஞாபகம் வந்தால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்தால்தான் பாவசங்கீர்த்தனம் செல்லாது. சாமியாருக்கு நம்மைத் தெரியுமே என்ற பயமும் வேண்டாம். கேட்டதை உயிரே போனாலும் அவர் வெளியே சொல்லக்கூடாது.

இன்னொன்று. அடுத்தவரை ஏமாற்றி எடுத்த பணத்தை மாதா உண்டியலில் போட்டுவிட்டால் கணக்குத் தீராது. உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே தவணையில் முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகவாவது.

எல்லாம் சொல்லி முடித்து, பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரமும் சொன்னபின், மன்னிப்பு வழங்கக் குருவானவர் வலக்கையை நீட்டுவார். அந்தச் சில வினாடிகளில் அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள்! பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயர் காதில் விழும்போது, வருஷக்கணக்காக இராத்தூக்கத்தைக் கெடுத்த பாவம் அங்கேயே போய்விடுகிறது. பாதி மன்னிப்பு, தவணை மன்னிப்பு என்று ஆண்டவரிடம் கிடையாது. வரிசையில் தலை குனிந்து நின்ற மனுஷர், கன்னத்தில் வழிகிற கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து வருவார். நமக்கு அதில் ஒரு தகுதியும் இல்லையே சேசுவே, சிலுவையில் நீர் சிந்தின இரத்தமல்லவா அது!

பாவத்துக்குப் பரிகாரமாகக் குருவானவர் கொடுத்த அபராதத்தைக் கோயிலை விட்டு வெளியே வருமுன் தீர்த்துவிடுங்கள். திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்க 1 மணி நேர உபவாசம் உண்டு. இடையில் டீ வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். இந்தக் கூட்டத்திலும் புழுக்கத்திலும் மணிக்கணக்காக உட்கார்ந்து, நம் அழுக்கையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்கிற குருக்களுக்காக ஓர் அருள்நிறை மரியே ஜெபம் சொல்லுங்கள். மாதாவே, அவர்களுக்குச் சரீர சுகம் கொடும் தாயே! மரியே வாழ்க!