முற்பணம் கொடுக்குமுன் எழுதிய நிபந்தனைகள்

மட்டக்களப்பு, கல்லடியில் 12 பேர்ச் வளவும் வீடும் 90 இலட்சத்துக்குப் பேசி முடிந்தது. விற்கிற அக்கா, "10 இலட்சம் முற்பணம் தாங்க, ஒரு தாளில முத்திரை ஒட்டி எழுதித் தாறன்" என்றார். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். என் கணவரும் சரி என்றுவிட்டார். சட்டத்தரணியிடம் காட்டாமல் காசு கொடுக்கமாட்டேன் என்று நான்தான் நின்றேன்.

நாங்கள் போன சட்டத்தரணி, காணி உறுதிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும்கூட. மோசடிகளைத் தடுக்கும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்கிறேன் என்ற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டுமாம். வெறும் தாளை வைத்துக்கொண்டு வீட்டை எழுதித் தா என்று வழக்குப் போட முடியாது.

எங்கள் கையில் 30 இலட்சம்தான் இருந்தது. "வங்கிக் கடன் கிடைத்தால் வாங்குவோம், கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதுங்க மிஸ்" என்றேன். "5 இலட்சம் தந்தாலும் அது கடன் கிடைத்ததுதானே?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. கடைசியில், 60 இலட்சத்துக்குக் குறையாத கடனுக்கு 90 நாட்களுக்குள் எழுத்தில் அனுமதி கிடைக்காவிட்டால், 14 நாட்களில் முற்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினோம். காரணமில்லாமல் நாங்கள் விலகினால் முற்பணம் போய்விடும். அவர் விலகினால் அதை இரட்டிப்பாகத் தர வேண்டும். முத்திரை வரி எங்கள் தலையில்: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம்.

ஒப்பமிடுமுன் காணிப் பதிவகத்தில் 30 வருட ஏடுகளைத் தேடியபோதுதான் பெரிய விஷயம் வெளிவந்தது. அந்த அக்காவுக்கு வீடு சீதனமாக வந்தது. தாய் நன்கொடை உறுதி எழுதும்போது சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற பல தாய்மார் இப்படிச் செய்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் தெரியாமல் வாங்கியிருந்தால் உறுதி எங்கள் பெயரில் இருக்கும், அந்தத் தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கே இருக்கும். அக்கா மறைக்கவில்லை. அம்மா ஏறாவூரில் இளைய மகளோடு இருப்பதால் அதை மறந்தே போயிருந்தார். வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றும் அறுதி உறுதியில் தாயும் ஒப்பமிட்டு உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்தோம். உடன்படிக்கையைப் பதிவும் செய்தோம்.

வங்கியின் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட்டார், 52 இலட்சம்தான் அனுமதித்தார்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆனால் தொகையை எழுதியிருந்ததால் முற்பணத்தோடு விலகும் உரிமை எங்களிடம் இருந்தது. அதை அக்காவும் அறிவார், அதனால் பேச முடிந்தது. அவர் 3 இலட்சம் குறைத்தார், மீதி 5 இலட்சத்துக்கு என் நகைகள் அடகுக்குப் போயின.

பிறகு ஏறாவூருக்குப் போய் அம்மாவைக் கண்டோம். "புள்ள, மாமாங்கக் கோயில்ல ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியட்டும். கடைசியா ஒருக்கா அந்த வீட்டுல இருந்து போய்த் தீர்த்தமாடிட்டு வந்து ஒப்பம் வெச்சுத் தாறன்" என்றார். எப்படி மறுப்பது? ஆனால் 90 நாட்கள் அதற்குமுன் முடிந்துவிடும். வாய்ப்பேச்சில் விடாமல், புதிய விலையையும் புதிய திகதியையும் நொத்தாரிசு முன்னாலேயே மேலதிக உடன்படிக்கையாக எழுதினோம்.

தீர்த்தம் முடிந்து நாலாம் நாள் அம்மா வந்தார். நொத்தாரிசு உறுதியை முழுவதும் வாசித்து விளக்கினார். சீவிய உரித்துப் பகுதியை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒப்பமிட்டார். பதிவு முடிந்ததும் ஏட்டின் பிரதியை எடுத்தேன். உரித்து விடுவிக்கப்பட்ட வரிக்குக் கீழே எங்கள் இருவரின் பெயரும் இருந்தன.